வீட்டுக்குத் தூரம்

ஒரு சொல்லை ஊரே சேர்ந்து தலைமுறை தலைமுறையாக மென்று துப்பிக்கொண்டிருந்தால் அந்தச் சொல்லுக்கும் ஒருநாள் ரோஷம் வரும்தானே, அப்படி ரோஷம் வந்த நாள், ஆடி மாசத்துக் காற்று தகர ஷீட்டுகளைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், இடம், திருப்பூரில் சாயப்பட்டறைத் தண்ணீர் அன்றன்றைக்கு என்ன கலர் ஆர்டரோ அந்தக் கலரில் ஓடுகிற ஓடைக்கரை லைன் வீடு, ஆள், தேன்மொழி.

தேன்மொழி பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவள். அன்றைக்கு அவளுக்கு மாத விலக்கு. மாமியார் ராமாத்தாள் வாசல்படி ஓரமாக ஒரு சாக்கை விரித்து அவளை உட்கார வைத்திருந்தாள். அடுப்பைத் தொடக்கூடாது, குடத்தைத் தொடக்கூடாது, சாமி படத்துக்கு நேரே வரக்கூடாது. ஆனால் சின்ன வெங்காயம் உரிக்கலாம், எல்லோர் துணியையும் துவைக்கலாம், கம்பெனிக்குப் போய்ப் பகல் முழுக்கத் தைத்துவிட்டு வரலாம், சம்பளத்தைக் கையில் கொடுக்கலாம், அதிலெல்லாம் தீட்டு ஒட்டாது. இவ்வளவு வசதியான தீட்டு எந்தச் சாமி கண்டுபிடித்தது என்று அந்த வீட்டில் கேட்கக்கூடாது. கேட்டால் பதில் வராது, அறைதான் வரும்.

அவள் புருஷன் தனபால் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, "தண்ணி கொண்டா புள்ள" என்றான்.

"நான் தூரமுங்க."

"தூரமாமா, தூரம்! வாய் நீளுதா உனக்கு?" என்று அறை கொடுப்பதற்காக எழுந்தான்.

வீடு என்றால் பெரிய வீடு ஒன்றும் இல்லை, கட்டிலைப் போட்டால் கதவு முழுசாகத் திறக்காது. அந்த வீட்டில் தனபால் நடந்தான். நடந்தான், நடந்தான், வேர்வை வழிய நடந்தான், செருப்பு வார் அறுந்துபோகும்வரை நடந்தான், ஒரு பீடியைப் பற்றவைத்து அது தீரும்வரை நடந்தான், தேன்மொழி அங்கேயேதான் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், சின்னதாகவும் ஆகவில்லை, மங்கலாகவும் ஆகவில்லை, அவள் மூக்குத்தியில் பட்ட வெளிச்சம்கூடத் தெரிந்தது, ஆனால் போய்ச் சேர முடியவில்லை. சலித்துப்போய்த் திரும்பினால் கட்டில் முட்டியிலேயே இடித்தது.

இதற்குள் டியூஷன் முடிந்து ஓடிவந்த மகள் யாழினி வாசலில் நின்று, "அம்மா, வரட்டுமா?" என்றாள். "வா கண்ணு" என்றாள் தேன்மொழி. ஒரே எட்டில் பிள்ளை மடியில் விழுந்தது.

ராமாத்தாள்தான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினாள். "தூரமா உக்காருன்னு சொன்னது நெசந்தான். அதுக்குன்னு இத்தனை தூரமாடி போவாங்க?"

அந்த வாரத்திலேயே லைன் வீடுகள் எல்லாவற்றிலும் இதே கதையாகிவிட்டது. ஊர் இதற்கெல்லாம் வாயைப் பிளக்கவில்லை. கரண்ட் போகிற மாதிரி, குழாயில் தண்ணீர் வராத மாதிரி, இதையும் ஒரு தொந்தரவாக எடுத்துக்கொண்டது. டீக்கடையில் ஆம்பளைகள் ஒருத்தரை ஒருத்தர் விசாரித்துக்கொண்டார்கள். "உன்ற ஊட்ல எப்படிப்பா?" "நேத்துக் காலைல கெளம்புனேன், பாதி வழியிலயே திரும்பிட்டேன்." ஒருத்தன் மொபெட்டையே சமையலறைக்குள் ஏற்றி ஓட்டிப் பார்த்தான், பெட்ரோல் தீர்ந்து, பெண்டாட்டி உரித்த பூண்டின் வாசனையை மட்டும் மோந்துகொண்டு தள்ளிக்கொண்டே திரும்பினான். "வரட்டுமா?" என்று கேட்டு, அவள் "வா" என்றால், ஒரு எட்டுத்தான், இது எல்லோருக்கும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டவர்கள் ரொம்பக் கொஞ்சம். மற்றவர்களுக்குக் கேட்பதைவிட நடப்பது சுலபமாக இருந்தது.

கம்பெனியில் இன்னும் வேடிக்கை. சூப்பர்வைசர் லோகநாதனுக்கு ஒரு பழக்கம், மெஷினுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து நின்று, பெண்களின் பிடரியில் கையை வைத்து, "டார்கெட் என்னாச்சு கண்ணு?" என்பான். எந்நேரமும் ஈரமாக இருக்கிற கை. துடைத்தாலும் போகாது, வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டாலும் அந்த இடம் பிசுபிசுவென்றே இருக்கும். அப்படிப்பட்டவன் ஒரு காலை தன் மேஜையிலிருந்து தேன்மொழியின் மெஷினுக்குக் கிளம்பினான். அவள் வாய்க்குள்ளேயே, "தூரம்" என்றாள். டீ பெல் அடித்தது, அவன் நடந்துகொண்டிருந்தான். சாப்பாட்டு பெல் அடித்தது, அவன் நடந்துகொண்டிருந்தான். வழியில் உட்கார்ந்திருந்த செக்கிங் பெண்கள், "அண்ணா, மோர் வேணுங்களா?" என்று கேட்டுவிட்டு, துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவன் போட்ட சத்தமும் போய்ச் சேரவில்லை. மத்தியானம் தேன்மொழி டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருக்கும்போது காதோரம் லேசாக, "எருமை" என்று கேட்டது.

"காலைல கெளம்புன எருமைட்டி அது, இப்பத்தான் வந்து சேந்திருக்கு. பாவம், தண்ணி காட்டு" என்றாள் பக்கத்து மெஷின் ரோஸ்லின்.

ரோஸ்லின் தூத்துக்குடிப் பக்கம். வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவள். ஒவ்வொரு மாசமும் அந்த நாட்களில் மெஷினை நிறுத்திவிட்டு, பாத்ரூமுக்கு டோக்கன் கேட்காமல் போய், முகம் கழுவி, நிதானமாகத் திரும்பி வருவாள். "எங்க அம்மைக்குக் கெடைக்காத லீவு எனக்குக் கெடைச்சிருக்குட்டி" என்பாள். தைக்கிற பீஸ் குறையவில்லை. பிடரியில் கை இல்லாதபோது ஊசி ஒழுங்காகத்தான் ஓடியது. குறைந்தது வேறு ஒன்று, அதற்குக் கணக்கில் பெயர் கிடையாது, ஆனால் அது குறைந்தால் முதலாளிகளுக்குத் தூக்கம் வராது.

தூரம் முதலாளி வீட்டையும் விடவில்லை. முதலாளியம்மா கோகிலாமணி பங்களா மாடியில் ஏசியைப் போட்டுக்கொண்டு, வாரப்பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு, கணவர் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டே இருப்பதை மேலிருந்து ரசித்தாள். கிளப்பில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "மூணு நாளும் எனக்கே எனக்குன்னு இருக்குதுங்க, ஒவ்வொரு பொம்பளைக்கும் இது வேணும்" என்று மைக் பிடித்துப் பேசிக் கைத்தட்டலும் வாங்கினாள். மறுநாள் அவள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண் சிங்க் பக்கத்தில் நின்றபடியே எட்டாமல் போய்விட்டாள். கோகிலாமணி நைட்டியோடு ஹாலிலிருந்து அடுக்களைக்கு அரைநாள் நடந்து, காபி டம்ளர்கள் ஈ மொய்த்துக் கிடக்க, முட்டி வலியோடு திரும்பி வந்து சோபாவில் விழுந்து சொன்னாள், "இவளுகளுக்கெல்லாம் எதுக்குங்க தூரம்?"

கேட்டீர்களா? அதே ரத்தம், அதே வலி. மாடியில் இருந்தால் ஓய்வு, சிங்க் பக்கத்தில் இருந்தால் திமிர்.

முதலில் மாத்திரை வந்தது. கம்பெனி நர்ஸ் ரூமில், அட்டை இல்லாமல், பேர் இல்லாமல், பழைய பேப்பரில் மடித்த வெள்ளை மாத்திரை. "எதுக்குங்க இது?" என்றால், "சத்து மாத்திரை, முழுங்கு" என்றாள் நர்ஸ். முழுங்கின பெண்களுக்கு விலக்கு நின்றது. வாந்தி வந்தது, கால் வீங்கியது, மயிர் கொத்துக் கொத்தாகக் கழன்று பனியன் பீஸோடு சேர்ந்து தைபட்டு, எந்த நாட்டிலோ யாரோ ஒரு வெள்ளைக்காரன் கழுத்தில் போய் உறுத்தியது. அங்கிருந்து கம்ப்ளைண்ட் வந்த பிறகுதான் கம்பெனிக்கு அந்தப் பெண்களைப் பற்றிக் கவலை வந்தது. மாத்திரையை நிறுத்தினார்கள். அதைவிட நிரந்தரமாக ஒன்று யோசித்தார்கள்.

மகளிர் நலச் சிறப்பு முகாம் என்று பேனர் கட்டினார்கள். கோகிலாமணி குத்துவிளக்கு ஏற்றினாள். டவுனில் சொந்தமாக நர்சிங் ஹோம் வைத்திருக்கிற டாக்டரம்மா, நல்ல காட்டன் புடவை, நல்ல இங்கிலீஷ், நல்ல பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்கள் கையில் பிரம்படி வாங்கிப் படித்தவள், மேடையில் பேசினாள். "பிள்ளை பெத்து முடிச்சாச்சு. இனிமே அது எதுக்கும்மா? வெறும் பை. காலிப் பை. கேன்சர் வர்றதுக்கு முன்னாடி எடுத்துப் போட்டுடலாம். இனிமே நீங்க மாசம் பூரா கைக்கெட்டற தூரத்துல இருப்பீங்க. குடும்பத்துக்கும் சந்தோஷம், கம்பெனிக்கும் சந்தோஷம்." ஆபரேஷன் இலவசம். செய்துகொள்கிறவர்களுக்கு எவர்சில்வர் குடம் ஒன்று பரிசு. உள்ளே இருக்கிற பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வைக்க ஒரு பாத்திரம், பண்டமாற்றுத்தான்.

பள்ளிக்கூடத்தில் இந்த டாக்டரம்மாவுக்கு மனித உடம்பு என்றால் கோயில் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். யார் உடம்பு என்று சொல்லாமல் விட்டிருப்பார்கள்போல.

தனபால் அன்றைக்கே பேர் கொடுத்துவிட்டான். தேன்மொழியிடம் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை. அவள் வயிற்றைப் பற்றி அவளைத் தவிர எல்லோரும் முடிவெடுத்து முடித்திருந்தார்கள். கல்யாணமான புதிதில், கம்பெனியில் சேர்ந்த கையோடு முழுகாமல் இருக்கிறாயே, வேலை போய்விடுமே என்று முதலாவதைக் கலைக்கச் சொன்னது புருஷன். அடுத்த வருஷமே, விசேஷம் உண்டா விசேஷம் உண்டா என்று நச்சரித்து யாழினியைப் பெற வைத்தது மாமியார். பெற்றது பெண் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதும் அதே மாமியார். பிரசவ மயக்கம் தெளிவதற்குள், வார்டில் யாரோ ஒருத்தி எதையோ உள்ளே வைத்துவிட்டுப் போனாள். ஒரு வருஷம் இடுப்பு வலியில் துடித்த பிறகுதான் அது காப்பர் டி என்று தேன்மொழிக்கே தெரிந்தது. இன்னொரு பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்று அவள் இன்னும் யோசித்திருக்கவில்லை. ஒருவேளை வேண்டாம்தான். ஆனால் அந்த வேண்டாமை அவள் வாயால் சொல்ல வேண்டும். இந்த ஒன்றையாவது அவள் சொல்ல வேண்டும். இதற்காக அவள் பிடிவாதமாக இருந்தாள், வேறெதற்கும் அவ்வளவு பிடிவாதம் அவளுக்கு இருந்ததில்லை.

"நான் வரமாட்டனுங்க" என்றாள்.

"கம்பெனி வேன்ல ஏத்தி அனுப்புவாங்க. நீ வரமாட்டேன்னா வண்டி நிக்குமா?" என்றான் தனபால். ராமாத்தாள் புதுக்குடத்தை எங்கே வைப்பது என்று இடம் ஒழித்துக்கொண்டிருந்தாள்.

முதல் வேனில் ரோஸ்லின் போனாள். போகாவிட்டால் வேலை இல்லை என்றார்கள். அவளுக்கு ஊரில் இரண்டு பிள்ளைகள், புருஷன் கடலோடு போனவன். வயிற்றில் துணி கட்டிக்கொண்டு, குடத்தை இடுப்பில் வைக்க முடியாமல் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். வந்தவள் முதலில் சொன்னது, "பின்பக்கம் ஒரு நீல வாளி வச்சிருக்காவட்டி. எல்லாருதும் அதுலதான் கெடக்கு. நாய் ரெண்டு சுத்திச் சுத்தி வருது." அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசவில்லை.

டாக்டரம்மா மேடையில் சொன்ன வார்த்தையும் சும்மா இருக்கவில்லை, அதுவும் மெய்யாகித் தொலைத்தது. முகாமுக்குப் போய் வந்த பெண்கள் எல்லோரும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டார்கள். லோகநாதன் இனி எழுந்திருக்கவே வேண்டியதில்லை. மேஜையில் உட்கார்ந்தபடி, ஒரு கையால் பல்லைக் குத்திக்கொண்டு மறு கையை நீட்டினால், அந்த ஈரக் கை வரிசை வரிசையாக மெஷின்களைத் தாண்டி வந்து ரோஸ்லினின் பிடரியில் உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் அடுப்பு முன்னால் நின்றாலும் வரும். பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் வரும். யார் கை வேண்டுமானாலும் வரும். தெரு முனைக் கடைக்காரன் கடையை விட்டு இறங்காமலே மீதிச் சில்லறையை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். கோகிலாமணி, தானே முகாமுக்கு அனுப்பிவைத்த தன் வீட்டுப் பாத்திரக்காரியை மாடியில் படுத்தபடியே காதைப் பிடித்துத் திருகினாள். அந்தப் பெண்கள் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. இனிச் சொல்ல என்ன இருக்கிறது, சொல்வதற்கான காரணத்தைத்தான் வாளியில் போட்டாகிவிட்டதே என்று தலையைக் குனிந்துகொண்டார்கள். ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. டீக்கடையில் பேச்சு மறுபடியும் மழையைப் பற்றித் திரும்பியது.

தேன்மொழியை ஏற்ற வேன் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. இரண்டு நாள் முன்புதான் தலைக்கு ஊற்றியிருந்தாள். விலக்கு நாளாகப் பார்த்து வந்தால் வேனே வாசலைச் சேராது என்று கம்பெனிக்குத் தெரியாதா என்ன. வேனில் முன் சீட்டில் லோகநாதன், பக்கத்தில் தனபால். பின் சீட்டில், புதுசாக வருகிறவர்களுக்குத் தைரியம் சொல்வதற்காக என்று, குடத்தோடு உட்கார வைக்கப்பட்ட ரோஸ்லின். பார்க்கிறவர்களுக்குக் குடம் தெரிய வேண்டுமாம்.

"வலிக்குமாக்கா?" என்றாள் தேன்மொழி.

ரோஸ்லின் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். "அப்ப வலிக்காது. ஊசி போட்டுருதாவ" என்றாள்.

நர்சிங் ஹோமில் டெட்டாலையும் மீறி ஒரு கவிச்சி வாடை அடித்தது. பச்சைத் துணி போட்ட மேஜையில் தேன்மொழியைப் படுக்க வைத்தார்கள். அவள் எழுந்து உட்கார்ந்தாள். மறுபடி படுக்க வைத்தார்கள். "நீ புடி" என்று ரோஸ்லினைத் தோள்பக்கம் நிற்க வைத்துவிட்டு, டாக்டரம்மா கையுறையைச் சொடுக்கி மாட்டிக்கொண்டு, ஊசியை எடுத்து, காற்றுக் குமிழை வெளியே தட்டிவிட்டு, அடுத்து எத்தனை பேர் பாக்கி என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டே திரும்பினாள்.

"எனக்கு வேண்டாமுங்க."

"உன் வீட்டுக்காரர் சரின்னு எழுதிக் குடுத்துட்டாரும்மா."

"அப்ப அவருக்குப் பண்ணுங்க."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஏழைகள் நகைச்சுவையாகப் பேசினால் அவளுக்குப் பிடிக்கும். சிரித்துக்கொண்டே ஓர் எட்டு வைத்தாள். தேன்மொழி சுற்றிப் பார்த்தாள். கதவில் தனபால், ஜன்னலில் லோகநாதன், மேலே லைட், கீழே வாளி. வேறு ஒன்றும் கையில் இல்லாததால், வாயில் இருந்ததை எடுத்தாள்.

"நான் தூரம்."

"பொய் சொல்லாதே. காலைலயே செக் பண்ணியாச்சு."

"ரத்தம் இல்லீங்க. ஆனாலும் நான் தூரம்."

டாக்டரம்மா அடுத்த எட்டு வைத்தாள். அதற்கடுத்த எட்டு வைத்தாள். ஊசியை நீட்டிப் பிடித்தபடி, கையுறை வேர்க்க, நல்ல காட்டன் புடவை கசங்க, பச்சைத் துணி மேஜையை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். கதவிலிருந்து தனபால் ஓடிவந்தான், அவனுக்குப் பழக்கப்பட்ட வழிதான், செருப்பு வார் இந்தத் தடவையும் அறுந்தது.

லோகநாதன் ஓடவில்லை. அவன் விவரமானவன். ஜன்னலுக்கு வெளியே நின்றபடி கையை மட்டும் உள்ளே விட்டான். தேன்மொழி எட்டமாட்டாள் என்று தெரியும், எட்டுகிற ஒருத்தி மேஜைக்குப் பக்கத்திலேயே நிற்கிறாளே, அவளைப் பிடித்து அவள் கையால் இவளை அமுக்கலாம் என்று கணக்குப் போட்டான். ஈரக் கை வழுக்கிக்கொண்டு வந்து ரோஸ்லினின் பிடரியைத் தொட்டது.

ரோஸ்லின் தேன்மொழியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சின்னப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல அவள் உதடு அசைந்தது.

"நானும்..." என்றாள். தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். "நானுந் தூரந்தாம்ல, நாசமாப் போறவனே."

கை நழுவியது. அது நீண்டுகொண்டுதான் இருந்தது, விரல்களை அசைத்து அசைத்துத் தேடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அவள் பிடரிக்கும் அந்த விரல்களுக்கும் நடுவில் இப்போது ஓடைக்கரை, பஸ் ஸ்டாண்டு, ஊர், ஊருக்கு அப்பால் வெயில் காய்கிற பொட்டல்காடு எல்லாம் கிடந்தன.

தேன்மொழி மேஜையிலிருந்து இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டாள். தன் அடிவயிற்றில் ஒரு தடவை கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள், இருந்தது.

"ஏட்டி" என்றாள் ரோஸ்லின். அவள் குரல் இறங்கியிருந்தது. "ரத்தத்துல இல்லையாட்டி அது?"

"இல்லக்கா."

"பையிலயும் இல்ல."

"இல்லக்கா. வாயிலதான் இருந்திருக்குது."

"அப்ப எம் பைய எதுக்குட்டி எடுத்தானுவ?"

நர்ஸ் எப்போதோ சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, தானும் வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்கதவு வழியாக உள்ளே வந்து வாளியை மோந்துகொண்டிருந்த நாய்களை ரோஸ்லின் விரட்டினாள். வேனிலிருந்து கையோடு தூக்கி வந்திருந்த எவர்சில்வர் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு, வலியோடு மெதுவாக அதன்மேல் உட்கார்ந்தாள். பிறகு, ஊசியும் கையுமாகத் தூரத்தில் நடந்து வந்துகொண்டே இருக்கிற டாக்டரம்மாவைப் பார்த்து, வாயைக் கைகளால் குவித்துக்கொண்டு, அதே கேள்வியை அடிவயிற்றிலிருந்து கூவினாள்.

கேள்வி போய்ச் சேர நேரமாகும். பதில் கிளம்பி வருவதற்கு அதைவிட நேரமாகும். தேன்மொழி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.